அப்கிரேட் நடுவுல வாற கேள்வி: பழைய கொன்பிக்க வைக்கிறதா, புதுச எடுக்கிறதா, வேற வழி இருக்கா?

உபுண்டு லினக்ஸ் 20.04க்கு சாதாரண சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சதுல இருந்து நம்ம பக்கம் நிறைய ஆக்கள் சேர்வர் அப்கிரேட்டுல கை வச்சிருக்காங்க, கல்முனையில டியூஷன் இன்ஸ்டிடியூட்டுக்கு வெப்சைட் பாக்கிற தம்பிமார்ல இருந்து மட்டக்களப்பு டவுன்ல அக்கவுண்ட்ஸ் சொப்ட்வெயார் ஓட்டுற ஒப்பிஸ் வரைக்கும். எல்லாரும் வந்து முட்டி நிக்கிறது ஒரே இடத்துலதான். பாதி வழியில ஸ்கிரீன் நிண்டுடும், இந்த கொன்பிக் பைல (செட்டிங் எழுதியிருக்கிற பைல) நீங்களும் மாத்தியிருக்கீங்க, பக்கேஜ் செஞ்ச ஆக்களும் புதுசா ஒண்டு தந்திருக்காங்க, இப்ப என்ன செய்ய எண்டு கேக்கும். 'வை' (Y) அடிச்சா புதுசு. 'என்' (N) அடிச்சா பழசு. 'டி' (D) அடிச்சா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த காட்டும், 'இசட்' (Z) அடிச்சா ஷெல்லுக்கு (கொமாண்ட் அடிக்கிற இடத்துக்கு) போய் பாத்துட்டு வரலாம். சும்மா எண்டர தட்டினா பழசுதான்.

"என்னண்ண அடிக்கிற?" எண்டு அந்த நேரத்துல கோல் எடுத்தா நேரான பதில் குடுக்கிறது கஷ்டம், ஏனெண்டா அந்தக் கேள்விக்கான பதில் அப்கிரேட்டுக்கு முந்தியே முடிவாகியிருக்க வேணும். அதுதான் இருக்கிற வழிகள ஒண்டொண்டா எடுத்துப் பாப்பம்.

## அது ஏன் கேக்குது, எப்ப கேக்காது

இத விளங்கினா பாதிப் பயம் போயிடும். டெபியன் (உபுண்டுக்கு அடிப்படையான லினக்ஸ்), உபுண்டுல பக்கேஜ போடுற டூல் டிபிகேஜி, தான் கடைசியா தந்த ஒவ்வொரு கொன்பிக் பைலுக்கும் எம்டி5 கணக்கு ஒண்ட (பைல்ட கைரேகை மாதிரி) எழுதி வச்சிருக்கும். அப்கிரேட் நேரம் மூண்ட பாக்கும்: முந்தித் தந்தது, இப்ப டிஸ்க்ல கிடக்கிறது, புதுசா வாறது. நீங்க தொடாத பைல் எண்டா கேக்காமலே புதுச போட்டுட்டு போயிடும். நீங்க மாத்தி, அவங்க மாத்தாட்டி உங்கட பைல கேக்காமலே விட்டுடும். ரெண்டு பக்கமும் மாறியிருந்தா மட்டும்தான் கேள்வி வரும். நீங்க அந்த பைல அழிச்சே போட்டிருந்தா அதையும் நீங்க செஞ்ச மாத்தமா எடுத்து, கேக்காம திருப்பி போடாது.

சில பேர் "நான் ஒண்டுமே மாத்தலயே, ஏன் கேக்குது" எண்டு கேப்பாங்க. சிங்கப்பூர்ல வாடகைக்கு எடுத்த சேர்வர் எண்டா அத குடுத்தவனே தன்ட இமேஜ்ல (ரெடியா செஞ்சு வச்ச சிஸ்டம் கொப்பியில) எஸ்எஸ்எச், அதாவது தூரத்துல இருந்து சேர்வருக்குள்ள போற வழிட கொன்பிக்க மாத்தித்தான் தந்திருப்பான், இல்லாட்டி ஏதாவது கொண்ட்ரோல் பெனல் மாத்தியிருக்கும். உங்களுக்கு முந்தி வேல செஞ்ச ஆள் மாத்தியிருக்கவும் கூடும். ஆனபடியா நினைவ நம்பாம 'டி' அடிச்சு பாருங்க.

## எத வச்சு ஒப்பிடுறது

நான் பாக்கிறது அஞ்சு விஷயம். மெஷின் கைக்கெட்டுற தூரத்துல இருக்கா, அதாவது லொக் அவுட் ஆனா மோட்டர்சைக்கிள்ல போய் கீபோர்ட தட்டலாமா, இல்ல வேற நாட்டுல கிடக்கா. பிழைச்சா சத்தம் போட்டு பிழைக்குமா, சத்தமில்லாம பிழைக்குமா (சேவிஸ் எழும்பாட்டி உடனே தெரியும், செக்கியூரிட்டி செட்டிங் ஒண்டு காணாம போனா ஒருத்தருக்கும் தெரியாது). புது வேர்ஷன்ல வாற நல்ல மாத்தம் வந்து சேருமா. அடுத்த அப்கிரேட்டுல இதே வேல திருப்பி வருமா. கடைசியா, உங்களுக்குப் பிறகு வாற ஆள் அந்த பைல திறந்தா எது உங்கட கை, எது கொம்பனி தந்தது எண்டு விளங்குமா. நம்ம பக்கம் இந்தக் கடைசி விஷயத்த ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்ல, ஆனா சேர்வர் பாக்கிற பொடியன் கட்டாருக்கோ கொழும்புக்கோ போன அடுத்த மாசம் அதுதான் பெரிய கரைச்சலா வந்து நிக்கும்.

## வழி 1: பழசையே வச்சிருக்கிறது

எண்டர் தட்டுற ஆக்கள் எல்லாம் தெரிஞ்சோ தெரியாமலோ இந்த வழியிலதான் நிக்கிறாங்க. பெரிய நன்மை, ஓடிட்டு இருந்தது ஓடும் எண்ட நம்பிக்கை, அதிலயும் தூரத்து மெஷின்ல எஸ்எஸ்எச் பைலுக்கு இந்தக் கேள்வி வந்தா இதுதான் பாதுகாப்பான பதில். நீங்க போர்ட் நம்பர மாத்தி, பயர்வோல்ல அந்த ஒரு போர்ட்ட மட்டும் திறந்து வச்சிருந்தா, புது பைல் வந்து போர்ட் திருப்பி 22க்கு போன உடனே நீங்க வெளிய.

மறைஞ்சிருக்கிற செலவு மூண்டு. முதலாவது, பழைய பைல வச்சா பழைய மாதிரியே நடக்கும் எண்டு நினைக்கிறது பிழை. பைல்ல எழுதாத ஒவ்வொரு செட்டிங்குக்கும் புரோகிராம்ட டீபோல்ட்தான் வரும், அந்த டீபோல்ட் புது வேர்ஷன்ல மாறியிருக்கும். நெட்வேர்க்ல போல்டர் பகிர்ற சம்பா 4.11ல, அது 2019, எஸ்எம்பி1 எண்ட பழைய பகிர்ற முறைய டீபோல்ட்டா நிப்பாட்டிட்டாங்க. கொன்பிக்ல ஒரு எழுத்து மாறாம இருந்தும் ஒப்பிஸ்ல பழைய போட்டோகொப்பி மெஷின்ல இருந்து ஸ்கேன் பண்றது போல்டருக்கு வராம போறது இதாலதான். ஓபன்எஸ்எஸ்எச் 8.8லயும் இதே கதை, பழைய எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ கையெழுத்து முறைய டீபோல்ட்டா மூடிட்டாங்க, உபுண்டு 22.04ல இருக்கிறது 8.9, அப்ப பழைய சொப்ட்வெயார்ல இருந்து கனெக்ட் பண்ற ஆக்களுக்கு திடீரெண்டு கதவு பூட்டு.

ரெண்டாவது, கொன்பிக் எழுதுற முறையே மாறிப்போயிருந்தா பழசு வேலைக்கு ஆகாது. டெபியன் 13ல வாற டவ்கொட் 2.4 நல்ல உதாரணம், 2.3க்கு எழுதின பைல அப்படியே வச்சா மெயில் சேர்வர் எழும்பாது. சத்தம் போட்டு பிழைக்கிறபடியா ஒரு வகையில நல்லம்தான், ஆனா வெள்ளிக்கிழமை பின்னேரம் செஞ்சீங்க எண்டா நல்லமில்ல.

மூண்டாவது, புது பைல் டிபிகேஜி-டிஸ்ட் எண்ட வால் பேரோட பக்கத்துல கிடக்கும், பிறகு பாப்பம் எண்டு விடுவீங்க, பாக்க மாட்டீங்க. ரெண்டு மூண்டு அப்கிரேட் தாண்டினா உங்கட பைலுக்கும் புதுசுக்கும் உள்ள தூரம் கூடி, பிறகு சேக்கிற வேலைய நினைச்சாலே தலையிடி.

இந்த வழி சரி: மெஷின் தூரத்துல, பைல் எஸ்எஸ்எச் மாதிரி உள்ள போற வழியோட சம்பந்தப்பட்டது, இப்ப நேரமில்ல. அதுக்கு வெளிய இது முடிவில்ல, தள்ளிப்போடுறது.

## வழி 2: புதுச எடுத்து, நம்மட மாத்தத்த திருப்பி போடுறது

'வை' அடிச்சா உங்கட பழைய பைல் டிபிகேஜி-ஓல்ட் எண்ட பேர்ல இருக்கும், காணாம போகாது. பைல்ல நீங்க மாத்தினது ஒண்டு ரெண்டு வரிதான் எண்டா, அந்த வரி என்னெண்டும் தெரியும் எண்டா, இதுதான் சுத்தமான வழி. டவ்கொட் மாதிரி முறை மாறின இடத்துல புதுசுல இருந்து தொடங்கித்தான் ஆகணும். அதோட முந்தின ஆள் ஏன் மாத்தினான் எண்டே தெரியாத பைலுக்கும் இது சில நேரம் நல்லம், தேவையான வரிய மட்டும் காரணம் தெரிஞ்சு திருப்பி எழுதலாம், மத்த குப்பை போயிடும்.

செலவு என்னெண்டா, திருப்பி போட மறக்கிறது. மறந்தது சத்தம் போடாது. பாஸ்வேர்ட்டால லொகின் பண்ண விடாத எண்டு எழுதியிருந்த வரி போனா எல்லாம் ஓடும், சந்தோஷமா இருப்பீங்க, உலகத்துல இருக்கிற பொட் (தானா ஓடித் தாக்குற புரோகிராம்) எல்லாம் உங்கட பாஸ்வேர்ட்ட ஊகிச்சுப் பாத்துட்டு இருக்கும். அதனால 'வை' அடிக்கிறதுக்கு முந்தி 'டி' அடிச்சு, வாற வித்தியாசத்த கொப்பி பண்ணி வேற இடத்துல வைங்க. தூரத்து மெஷின்ல எஸ்எஸ்எச் பைலுக்கு இத செய்யிறதா இருந்தா ரெண்டாவது டெர்மினல் ஒண்ட திறந்து வச்சுக்கிட்டு செய்யுங்க, சேவிஸ ரீஸ்டார்ட் பண்ணினாலும் ஏற்கனவே உள்ள கனெக்ஷன் அறாது, மூண்டாவது டெர்மினல்ல புதுசா உள்ள போகலாமா எண்டு பாத்த பிறகுதான் மத்தத மூடுறது.

## வழி 3: ரெண்டையும் பக்கத்துல வச்சு சேத்து எழுதுறது

புத்தகப்படி இதுதான் சரியான பதில். விம்டிஃப் எண்ட டூல்ல ரெண்டையும் திறந்து வரி வரியா பாத்து, அவங்கட புதுசையும் எடுத்து உங்கடதையும் வைக்கிறது. உபுண்டுல சில பைல்கள யுசிஎஃப் எண்ட வேற டூல்தான் பாக்கும், அதுல மூண்டு பக்கமும் பாத்து தானா சேக்கிற ஒப்ஷனும் வரும். ஆர்ச் லினக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு பக்நியூ எண்ட வாலோட வாற புது பைல பாக்க பக்டிஃப் இருக்கு, அல்மா, ரொக்கி லினக்ஸ் பக்கம் ஆர்பிஎம்-நியூ எண்டும் ஆர்பிஎம்-சேவ் எண்டும் வரும். இந்த ரெண்டையும் குழப்பக்கூடாது, ஆர்பிஎம்-நியூ எண்டா உங்கடது நிக்குது, புதுசு பக்கத்துல கிடக்கு. ஆர்பிஎம்-சேவ் எண்டா மறுபக்கம், புதுசு உக்காந்துட்டு, உங்கடத பக்கத்துல தள்ளி வச்சிருக்கு.

நடைமுறையில இதுக்கு நேரம் வேணும், பொறுமை வேணும், அந்த புரோகிராம் பத்தி கொஞ்சம் அறிவும் வேணும். அப்கிரேட் பாதியில நிக்கேக்க, டொங்கிள் சிக்னல் வந்து வந்து போகேக்க, இத செய்யவே கூடாது எண்டது என்ட கட்டாயமான அபிப்பிராயம். அப்ப 'என்' அடிச்சிட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு ஆறுதலா உக்காந்து டிபிகேஜி-டிஸ்ட்ட எடுத்து சேக்கிறதுதான் நல்லம். மெயில் சேர்வர், டேட்டாபேஸ் மாதிரி நிறைய மாத்தின பெரிய பைலுக்கு இது தேவை. மத்தபடி அடுத்த அப்கிரேட்டுலயும் இதே வேல திருப்பி வரும், அதுதான் இதுல பெரிய குறை.

## வழி 4: கொம்பனி பைல தொடாம, நம்மடத தனி பைல்ல வைக்கிறது

சிரிங்க வேணுமெண்டா, ஆனா கேள்விக்கு நல்ல பதில் கேள்வியே வராம பண்றதுதான். இப்ப கனக்க புரோகிராம் மெயின் பைலோட சேத்து ஒரு போல்டரையும் வாசிக்கும். எஸ்எஸ்எச்சுக்கு எஸ்எஸ்எச்டி-கொன்பிக்-டொட்-டி, மரியாடிபி டேட்டாபேஸுக்கு அதுக்கெண்டு ஒண்டு, சேவிஸ எழுப்பி நிப்பாட்டுற சிஸ்டம்டிக்கு ஓவர்ரைட் பைல், பாஸ்வேர்ட் ஊகிக்கிற ஆக்கள தடுக்கிற பெயில்டூபான்ல ஜெயில்-லோகல். நம்மட நாலு வரிய அதுல எழுதினா மெயின் பைல் தொடாத பைலாவே இருக்கும், அப்கிரேட் நேரம் கேக்காமலே புதுசு வந்து உக்காரும், நம்மடது அதுக்கு மேல நிக்கும். பிறகு வாற ஆளுக்கும் அந்த ஒரு பைல திறந்தா போதும், உங்கட கை எதுவெண்டு பளிச்செண்டு தெரியும்.

இன்னொரு நன்மை ஆக்களுக்கு தெரியாது. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் எண்டு தானா செக்கியூரிட்டி அப்டேட் போடுற விஷயம் இருக்கே, அது ஒரு பக்கேஜ போடப் போகேக்க இந்தக் கேள்வி வரும் எண்டு கண்டா அந்த பக்கேஜ அப்படியே விட்டுட்டு போயிடும். அதாவது மெயின் பைல்ல கை வச்சபடியால உங்கட சேர்வருக்கு செக்கியூரிட்டி அப்டேட் வராம நிக்கலாம், நடந்தத எழுதி வைக்கிற லொக் பைல பாத்தாத்தான் தெரியும். தனி பைல் எண்டா இந்த வில்லங்கம் இல்ல.

ஆனா இதுக்கும் குழி இருக்கு, அது ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒவ்வொரு மாதிரி. சிஸ்டம்டி, சிஸ்கன்ட்ரோல், பிஎச்பி, மரியாடிபி எல்லாத்துலயும் கடைசியா வாசிக்கிறதுதான் வெல்லும், அதனால 99 எண்டு தொடங்குற பேர் வைக்கிறது பழக்கம். எஸ்எஸ்எச்ல அது தலைகீழ். முதல் எது வருதோ அதுதான் செல்லும். வாடகை சேர்வர்ல 50-கிளவுட்-இனிட் எண்டு ஒரு பைல் ஏற்கனவே கிடந்து, அதுல பாஸ்வேர்ட் லொகினுக்கு யெஸ் எண்டு இருந்தா, நீங்க 99 எண்டு பேர் வச்சு நோ எண்டு எழுதின பைல் சும்மா அலங்காரத்துக்குத்தான். 10 எண்டு வைக்க வேணும். வச்சிட்டு எஸ்எஸ்எச்டிக்கு (எஸ்எஸ்எச்ட சேர்வர் புரோகிராம்) பெரிய டி ஒப்ஷன (-T) குடுத்து ஓட்டிப் பாருங்க, கடைசியா எந்த செட்டிங் செல்லுது எண்டு முழுசா காட்டும்.

பேர்லயும் ஒரு விளையாட்டு இருக்கு. எஸ்எஸ்எச் போல்டர்ல டொட்-கொன்ஃப் எண்டு முடியாத பைல வாசிக்காது. யாருக்கு அட்மின் அதிகாரம் எண்டு சொல்ற சூடோவர்ஸ் போல்டர்ல பேர்ல டொட் இருந்தாலே வாசிக்காது. வெப் சேர்வர் என்ஜின்எக்ஸ்ட சைட்ஸ்-எனேபிள்ட் போல்டர் டெபியன், உபுண்டுல என்ன பேர்ல கிடந்தாலும் வாசிக்கும், அப்ப பேக்கப் எண்டு அதுக்குள்ளயே ஒரு கொப்பி வச்சீங்க எண்டா அதுவும் சேந்து ஓடும். கொப்பிய வெளிய வைங்க.

சிஸ்டம்டில எடிட் பண்ணேக்க ஃபுல் எண்ட ஒப்ஷன பாவிக்காதீங்க. அது முழு பைலையும் உங்கட பக்கத்துக்கு கொப்பி பண்ணும், அதுக்குப் பிறகு பக்கேஜ்ல என்ன திருத்தம் வந்தாலும் உங்கட பழைய கொப்பிதான் மேல நிக்கும், கேள்வி கூட வராது. வழி 1ட குறை முழுக்க இருக்கும், கேட்டுட்டு செய்யிற மரியாதை மட்டும் இருக்காது.

பிறகு வெப்சைட் எழுதுற மொழி பிஎச்பி. உபுண்டு 20.04ல 7.4, 22.04ல 8.1, 24.04ல 8.3. ஒவ்வொண்டுக்கும் போல்டர் வேற வேற, அதனால அப்கிரேட் பண்ணினா பழைய ஐஎன்ஐ பைல் பழைய போல்டர்ல அப்படியே கிடக்கும், புது போல்டர்ல டீபோல்ட் பைல் வரும், ஒரு கேள்வியும் வராது. டீச்சர்மார் பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப் ஏத்தப் போனா ஏறாது, ஏனெண்டா அப்லோட் அளவு திருப்பி 2 எம்பிக்கு போயிருக்கும், போஸ்ட் அளவு 8 எம்பி. தனி பைல்ல வச்சிருந்தாலும் அந்த பைல புது போல்டருக்கு நீங்கதான் கொண்டு போகணும், ஆனா ஒரு சின்ன பைல கொப்பி பண்றதோட முடியும், பெரிய ஐஎன்ஐக்குள்ள எந்த வரி நம்மடது எண்டு தேடத் தேவையில்ல. என்ஜின்எக்ஸ்ல பிஎச்பியோட பேசுற சொக்கெட் பாதைய 8.1 எண்டு எழுதியிருந்தா அதுவும் 502 எண்ட பிழைய காட்டும். வேர்ஷன் நம்பர் இல்லாத பிஎச்பி-எஃப்பிஎம் சொக்கெட் ஒண்டு அதே ரன் போல்டர்ல இருக்கு, அத எழுதி விட்டா அடுத்த முற தப்பலாம்.

ஒண்டு ரெண்டு சேர்வர், தனி ஆள் எண்டா நான் கண்ண மூடிட்டு சொல்றது இந்த வழிதான், குழியெல்லாம் சேத்து பாத்தாலும்.

## வழி 5: அன்சிபிள்ல எழுதி வச்சு, சேர்வரையே புதுசா கட்டுறது

அப்கிரேட்டே பண்ணாம, புது வேர்ஷன்ல புது மெஷின் எழுப்பி, கொன்பிக்க அன்சிபிளால (செட்டிங்க ஒரு இடத்துல எழுதி வச்சு சேர்வருக்கு அனுப்புற டூல்) இறக்கி, டேட்டாவ கொண்டு வந்து, டொமைன புதுசுக்கு திருப்பி விடுறது. பழசு ரெண்டு கிழம அப்படியே கிடக்கட்டும், பிழைச்சா திரும்பிப் போகலாம். அஞ்சாறு சேர்வர் ஒரே மாதிரி இருந்தா, இல்லாட்டி ரெண்டு மூண்டு பேர் சேந்து பாக்கிற இடம் எண்டா இத அடிக்க ஏலாது. ஒலுவில்லயோ வந்தாறுமூலையிலயோ படிச்சிட்டு வாற பொடியன் பொட்டைகளுக்கு கிட் (பைல்ல நடந்த மாத்தத்த பதிவு வைக்கிற டூல்), அன்சிபிள் ஓரளவு தெரியும், ஆள் தேடுறதும் அவ்வளவு கஷ்டமில்ல.

ஒரு சேர்வருக்கு இது கொஞ்சம் கூடத்தான். அதோட முழு பைலையும் டெம்பிளேட்டா வச்சு இறக்கினா, பழைய வேர்ஷனுக்கு எழுதின டெம்பிளேட் புது வேர்ஷன் மேல போய் உக்காரும், கேள்வி கேக்க டிபிகேஜிக்கு இடமே இருக்காது. டெம்பிளேட்டாலயும் தனி பைலத்தான் இறக்கணும். டொக்கர் பாவிக்கிற ஆக்களும் இத கவனிங்க, வெளியில இருந்து மவுண்ட் பண்ணின கொன்பிக் இமேஜ் மாறினாலும் மாறாது.

## எந்த வழியில போனாலும்

ஈடிசி-கீப்பர போடுங்க. கொன்பிக் எல்லாம் கிடக்கிற ஈடிசி போல்டர் முழுசையும் கிட்டுக்குள்ள வைக்கும், பக்கேஜ் இறக்குற ஏபிடி ஓடுறதுக்கு முந்தியும் பிறகும் தானா கொமிட் பண்ணும், அப்ப எந்த அப்கிரேட்டுல எந்த வரி போச்சு எண்டு எப்பவும் பாக்கலாம். அதுக்குள்ள பாஸ்வேர்ட் ஹாஷ், பிரைவேட் கீ எல்லாம் இருக்கு, அத கிட்ஹப்ல பப்ளிக்கா ஏத்திடாதீங்க.

எந்த பைல எல்லாம் மாத்தி வச்சிருக்கிறீங்க எண்டு அப்கிரேட்டுக்கு முந்தின நாளே டெப்சம்ஸ் எண்ட டூலால லிஸ்ட் எடுக்கலாம். டிபிகேஜி பாக்கிற பைல்ல கேள்வி வரக்கூடியது எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கும், யுசிஎஃப் பாக்கிறது அதுல வராது, அத தனியா பாருங்க, அதுல ஏலுமானத தனி பைலுக்கு மாத்திட்டு, மிச்சத்துக்கு 'வை' அடிக்கிறதா 'என்' அடிக்கிறதா எண்டு ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வைங்க.

கார்த்திகை, மார்கழியில பெரிய மழை நேரம் வேர்ஷன் அப்கிரேட் வேணாம். ஒப்பிஸ்ல உள்ள மெஷின்ல டிபிகேஜி ஓடேக்க கரண்ட் போனா பாதியில நிக்கும், திருப்பி கொன்பிகர் பண்ண வைக்கலாம்தான், ஆனா எந்த பைல் புதுசு எது பழசு எண்டு தேடி அலையணும். தூரத்து மெஷின் எண்டா லைன் போனாலும் அப்கிரேட் சாகாம டிமக்ஸுக்குள்ள ஓட்டுங்க, உபுண்டுட ரிலீஸ் அப்கிரேட் டூல் அதே மாதிரியான ஸ்கிரீன் எண்ட புரோகிராமுக்குள்ளதான் ஓடும், எஸ்எஸ்எச்சால செஞ்சா 1022 போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்எச்சையும் எழுப்பும், பயர்வோல்ல அந்த போர்ட்ட அந்த நேரத்துக்கு மட்டும் நீங்கதான் திறந்து விடணும்.

முடிஞ்ச பிறகு ரீபூட் பண்ண முந்தி எஸ்எஸ்எச், என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம், மூண்டுக்கும் கொன்பிக் சோதிக்கிற சின்ன டி ஒப்ஷன் (-t) இருக்கு, ஒருக்கா ஓட்டுங்க. பிறகு ஈடிசி போல்டர்ல டிபிகேஜி, யுசிஎஃப் எண்ட வாலோட என்னென்ன பைல் கிடக்கு எண்டு ஃபைண்டால தேடி, பாத்து முடிச்சத அழிச்சு விடுங்க, அப்பத்தான் அடுத்த தடவ தேடேக்க வாறது எல்லாம் புதுசா வந்ததெண்டு தெரியும்.